முழங்கால் எந்த நேரத்தில் உள்ளே போகுது? பாரமான ஸ்குவாட்டில் பிழை பிடிக்கும் முறை

"முழங்காலை வெளியால தள்ளு மச்சான்!" ஏறாவூரில் இருந்து அக்கரைப்பற்று வரை எந்த ஜிம்முக்குப் போனாலும், பாரை (பாரம் ஏற்றும் இரும்புக் கம்பியை) தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட் நடக்கும் ரெக் (பாரைத் தாங்கும் சட்டம்) பக்கத்தில் இந்தச் சத்தம் கேட்கும். சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வெறும் பாருடனேயே முழங்கால் உள்ளே சாய்கிறவருக்கும், 120 கிலோவில் நாலாவது ரெப்பில், அதாவது நாலாவது தடவை குந்தி எழும்புகையில், மட்டும் சாய்கிறவருக்கும் ஒரே மருந்து சரிவராது. முதலாமவருக்குக் கோளாறு பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் இருக்கும். இரண்டாமவருக்கு அது பாரத்திலும் களைப்பிலும் இருக்கும்.

அதனால் பிழை உடம்பின் எந்த இடத்தில் தெரிகிறது என்பதோடு நின்றுவிடாமல், எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். இறங்கும்போதா? அடியில் திரும்பும்போதா? எழும்பி, தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கும் இடத்தைத் தாண்டுகையிலா? அல்லது செட்டின் (இடைவிடாமல் செய்யும் ரெப்புகளின் தொகுதியின்) கடைசி ரெப்புகளில் மட்டுமா? காரணத்தில் பாதி அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும்.

கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. போனில் வீடியோ எடுங்கள். போன் இடுப்பு உயரத்தில், 2 முதல் 3 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். நிலத்தில் சாய்த்து வைத்து எடுத்தால் ஆழம் பிழையாகத் தெரியும். ஒரு செட்டை நேர் பின்னாலிருந்தும் அடுத்த செட்டை நேர் பக்கத்திலிருந்தும் எடுங்கள். பின்னாலிருந்து எடுத்தால் முழங்கால் சாய்வும் இடுப்பு ஒரு பக்கம் போவதும் தெரியும். பக்கத்திலிருந்து எடுத்தால் இடுப்பு முந்தி எழும்புவதும் அடி முதுகு வளைவதும் தெரியும். பாரமான செட்டை மட்டும் எடுத்துவிட்டு விடாதீர்கள். வார்ம் அப் செட்டுகளையும் எடுத்து, பிழை முதல் முதலாகத் தெரிந்த கிலோவைக் கொப்பியில் எழுதுங்கள். பின்னால் செய்யப்போகும் திருத்தம் முழுவதும் அந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் இரும்பும் நிலமும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பல ஜிம்கள் வீட்டு முன்பகுதியிலோ தகரக் கூரைக் கொட்டிலிலோதான் நடக்கின்றன. சாமான்களும் கலப்பு: கொஞ்சம் இறக்குமதி, கொஞ்சம் பழையது, கொஞ்சம் ஊரிலேயே வார்த்தோ வெல்டிங் அடித்தோ எடுத்தது. ஆகவே இடுப்பு ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் உடம்பைக் குறை சொல்லுமுன் சாமானைச் சோதிக்க வேண்டும்.

20 என்று வார்க்கப்பட்ட பிளேட் 20 கிலோவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நெல் மூட்டை நிறுக்கும் மில் தராசில் ஒருநாள் எல்லாப் பிளேட்டையும் நிறுத்து, உண்மைப் பாரத்தைப் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். சமமானவற்றைச் சோடி சேர்த்து வையுங்கள். பார் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, பாரை ரெக்கில் வைத்துக் கையால் உருட்டுங்கள். நடுப்பகுதி மேலும் கீழும் அசைந்தால் வளைவு இருக்கிறது. வளைந்த பார் தோளில் தானாகப் புரளப் பார்க்கும், அதைச் சமாளிக்க உடம்பு திருகும்.

நிலமும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வழிந்தோட வேண்டும் என்று மேசன்மார் சீமெந்து நிலத்துக்கு வாட்டம் வைப்பது வழக்கம். வீட்டுக்கு அது நல்லது, ஸ்குவாட்டுக்குக் கூடாது. மேசன் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் ரெக்குக்குள் இரண்டு பாதமும் வைக்கும் இடங்களை அளந்து பாருங்கள். உயரம் வித்தியாசப்பட்டால் அந்த இடத்தில் மட்டம் பார்த்து ஒரு மரத்தளம் அடிப்பதுதான் வழி. இறப்பர் விரிப்பை மேலால் போட்டால் வாட்டம் போகாது.

இவை எல்லாவற்றையும் ஒரே முறையில் சோதிக்கவும் வழி உண்டு. ஒரு செட்டை வழமைபோலச் செய்து பின்னாலிருந்து வீடியோ எடுங்கள். அடுத்த செட்டுக்கு, அதே பாரை அசைக்காமல், ரெக்கின் மறுபக்கம் பார்த்து நின்று செய்யுங்கள். முதலில் வலப்பக்கம் போன இடுப்பு இப்போது இடப்பக்கம் போனால் குறை நிலத்திலோ பிளேட்டிலோ இருக்கிறது. எப்படி நின்றாலும் வலப்பக்கமே போனால் அது உங்கள் உடம்பின் குறை.

சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடுவதற்கான மென்மையான சப்பாத்து பாரத்தின் கீழ் அமுங்கும், ஒவ்வொரு ரெப்பிலும் வேறு வேறு பக்கம் அமுங்கும். அதோடு முழங்காலைத் திருத்த முயல்வது வீண் வேலை. அடி தட்டையான, கடினமான சப்பாத்து நல்லது. அது இல்லையென்றால் வெறுங்கால் போதும். வெறுங்காலில் செய்தால் நிலத்தில் வியர்வை சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போதே முழங்கால் உள்ளே போனால்

வெறும் 20 கிலோ பாரிலேயே, இறங்கும் வழியிலேயே இது தெரிந்தால் வலிமையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. பாதத்தைப் பாருங்கள். பெருவிரலின் அடிமூட்டு, சின்னி விரலின் அடிமூட்டு, குதிக்கால் ஆகிய மூன்று இடமும் ஒரே அளவாக நிலத்தில் அழுந்த வேண்டும். உள்ளங்கால் வளைவு இடிந்து உள்ளே சாய்ந்தால் கீழ்க்கால் உள்ளே திரும்பும், முழங்காலும் அதன் பின்னால் போகும்.

மறுபக்கப் பிழையும் உண்டு. "வெளியால தள்ளு" என்பதைக் கேட்டுக் கேட்டுச் சிலர் முழங்காலை அளவுக்கு மிஞ்சி விரிக்கிறார்கள். அப்போது பெருவிரல் பக்கம் நிலத்தை விட்டுக் கிளம்பும். பாதம் வெளி விளிம்பில் மட்டும் நிற்கும். பாரம் ஏறியதும் அது நிலைக்காமல் முழங்கால் சட்டென்று உள்ளே விழும். இரண்டு பெருவிரல் அடிமூட்டுக்கும் கீழே ஒவ்வொரு கடதாசித் துண்டை வைத்து, நீங்கள் இறங்கி எழும்பும்போது இன்னொருவரை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். கடதாசி வரக்கூடாது. வந்தால் அந்த நேரத்தில் பாதம் கிளம்பியிருக்கிறது. முழங்கால் இரண்டாம், மூன்றாம் விரல்களின் திசையில் போனால் காணும். அதற்கு மேல் விரிக்கத் தேவையில்லை.

அடுத்தது கணுக்கால். சுவருக்கு எதிரே ஒரு காலை வைத்து, குதிக்கால் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே 10 சென்ரிமீற்றர் அளவு வைத்தும் தொட முடிந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதுமான வளைவு இருக்கிறது. இரண்டு காலையும் தனித்தனியே அளவுங்கள். நமது ஊரில் சிறு வயதிலிருந்தே குந்தி இருந்து பழகியவர்கள் அதிகம், அதனால் இரண்டு கணுக்காலும் சேர்ந்து இறுகியிருப்பதை விட ஒன்று மட்டும் இறுகியிருப்பதையே அடிக்கடி காணலாம். கரப்பந்திலோ உதைபந்திலோ எப்போதோ சுளுக்கி, வீக்கம் வற்றியதும் மறந்துபோன காலாகத்தான் அது இருக்கும். கணுக்கால் வளையாவிட்டால் கீழ்க்கால் முன்னே சரிய முடியாது. உடம்பு பாதத்தை உள்ளே சாய்த்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

திருத்துவதற்கு, சோதனையாகச் செய்த அதே அசைவையே பயிற்சியாகச் செய்யலாம். ஒவ்வொரு வார்ம் அப்பிலும் இறுகிய காலுக்கு 15 தடவை வீதம் இரண்டு செட். முழங்கால் சின்னி விரல் பக்கம் பார்த்துப் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் முடிவில் 2 செக்கன் நில்லுங்கள். வாரக் கணக்கில் எடுக்கும் வேலை இது. அதுவரை இரண்டு குதிக்காலின் கீழும் 1.25 கிலோ அல்லது 2.5 கிலோ பிளேட் வைத்துச் செய்யலாம். ஒரு பக்கம் மட்டும் வைக்கக்கூடாது. பாரம் தூக்குபவர்களின் குதி உயர்ந்த சப்பாத்தில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. குதியை உயர்த்துவது ஏமாற்று வேலை என்ற பேச்சில் அர்த்தமில்லை. உயர்த்தினால் பாதம் உறுதியாக நிற்கிறது என்றால் உயர்த்துங்கள்.

பாத அகலத்தையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். குதிக்கால்கள் தோள் அகலம், விரல்கள் 15 முதல் 30 பாகை வெளியே திரும்பியபடி தொடங்குங்கள். இடுப்பு மூட்டின் குழி எல்லோருக்கும் ஒரே ஆழமும் ஒரே திசையும் கொண்டதல்ல. நிலத்தில் கையும் முழங்காலும் ஊன்றி, முதுகை நேராக வைத்து, பின்பக்கத்தைக் குதிக்காலை நோக்கித் தள்ளுங்கள். முழங்கால்களை ஒடுக்கியும் அகட்டியும் மாற்றி மாற்றிச் செய்து, அடி முதுகு வளையாமல் அதிக தூரம் பின்னே போகும் அகலத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கிட்டிய அகலம்தான் உங்கள் ஸ்குவாட் அகலம்.

எழும்பும்போது உள்ளே போனால்

இது வேறு கதை. இறங்கும்போது ஒழுங்காக இருந்து, அடியிலிருந்து எழும்பிச் சமாந்தரத்தைத் தாண்டும் இடத்தில் மட்டும் முழங்கால் உள்ளே போவது பாரத்தோடு சம்பந்தப்பட்டது. பொதுவாக, பின்பக்கத் தசை பலவீனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது முழு உண்மை அல்ல. தொடையின் உள்பக்கத்தில் உள்ள பெரிய தசை ஒன்று, ஆழமாகக் குந்திய நிலையில் இடுப்பை நிமிர்த்த உதவுகிறது. அதே தசைதான் தொடையை உள்ளே இழுப்பதும். பாரம் எல்லைக்கு வரும்போது உடம்பு அதைப் பலமாகக் கூப்பிடுகிறது, தொடை உள்ளே வருகிறது. உலகத்தரப் பாரம் தூக்குவோரில் சிலரிடமும் முழங்கால் ஒரு கணம் உள்ளே வந்து மீள்வதைக் காணலாம். அப்படி வந்து, உடனே விரல் திசைக்குத் திரும்பினால் பதறத் தேவையில்லை. பெருவிரலையும் தாண்டி உள்ளே போய் அங்கேயே நின்றால், ஒரு கால் மட்டும் போனால், அல்லது வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு மருந்து, பிழை தெரிந்த கிலோவில் 15 வீதத்தைக் குறைத்து, அடியில் 2 செக்கன் நின்று எழும்புவது. நிற்கும்போது உடம்பைத் தளர்த்தக் கூடாது, மூச்சையும் விடக்கூடாது. நின்று எழும்பினால் துள்ளல் உதவாது, முழங்காலை எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் விளங்கும். எழும்பத் தொடங்கும் கணத்தில் பாதத்தை அசைக்காமல் இரண்டு பாதத்தாலும் நிலத்தை வெளிப்பக்கம் தள்ளுங்கள். "முழங்காலை வெளியே" என்பதை விட இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பெருவிரல் கிளம்பாமல் தொடை தானாக வெளியே திரும்புகிறது.

முழங்காலைச் சுற்றிப் போடும் இறப்பர் பேண்டுக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெறும் பாரோடு 10 ரெப் வார்ம் அப்புக்கு அது நல்லது. பாரமான செட்டுக்குக் கட்டாதீர்கள். ரியூப்பின் இழுவைக்கு எதிராகத் தள்ளப் பழகி, அளவுக்கு மிஞ்சி விரிக்கும் பிழை மீண்டும் வந்து சேரும்.

இடுப்பு முந்திக்கொண்டு எழும்பினால்

பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவில், எழும்பும்போது இடுப்பும் பாரும் ஒரே வேகத்தில் உயர வேண்டும். இடுப்பு மட்டும் விருட்டென்று மேலே போய், பார் அங்கேயே நின்று, நெஞ்சு கவிழ்ந்து, கடைசியில் முதுகால் தூக்கி முடிப்பதுதான் பாரமான ஸ்குவாட்டில் மிகவும் பரவலான பிழை என்று சொல்வேன். இதைப் பார்த்தவுடன் முதுகுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் குறை முன்தொடையில்தான் இருக்கும். அடியில் முழங்காலை நிமிர்த்தும் சுமையை முன்தொடை தாங்காதபோது, உடம்பு இடுப்பைப் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளி முழங்கால் மீதான சுமையைக் குறைத்துக்கொள்கிறது. அந்தச் சுமை எங்கும் காணாமல் போவதில்லை, இடுப்புக்கும் முதுகுக்கும் மாறுகிறது.

"முழங்கால் விரலைத் தாண்டவே கூடாது" என்ற பழைய கட்டளை இந்தப் பிழையை வளர்க்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்காலுக்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்து ஸ்குவாட் செய்யவைத்தார்கள். முழங்காலில் விழுந்த திருகுவிசை ஏறத்தாழ 150 நியூட்டன் மீற்றரில் இருந்து 117 ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பில் அது 28 இல் இருந்து 303 ஆக ஏறியது. முழங்காலைக் காப்பாற்றுவதாக நினைத்து இடுப்பையும் அடி முதுகையும் ஒப்புக்கொடுக்கும் வேலை அது. கால் நீளமானவருக்கு முழங்கால் விரலைத் தாண்டத்தான் செய்யும். குதிக்கால் நிலத்தில் இருக்கும்வரை தாண்டட்டும்.

பிழை என்னவென்றால் முழங்கால் அடியில் வந்த பிறகு முன்னே வழுக்குவது. இறங்கும் தூரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முழங்கால் தன் இடத்துக்குப் போய்விட வேண்டும். அதன்பின் இடுப்புத்தான் இறங்க வேண்டும். ஒரு மரக்கட்டையைப் பாதத்துக்கு முன்னால் நிமிர்த்தி வைத்து, முழங்கால் அதை இலேசாகத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு பழகலாம். கட்டை விழுந்தால் முழங்கால் வழுக்கியிருக்கிறது.

முன்தொடையைப் பலப்படுத்த, பாரை முன்தோளில் வைத்துச் செய்யும் ஃபிரண்ட் ஸ்குவாட்டைப் போல வேறொன்றும் இல்லை. நெஞ்சு கவிழ்ந்தால் பார் விழுந்துவிடும், ஆகவே பிழை செய்யவே இடமில்லை. வழமையான ஸ்குவாட்டின் 60 வீதத்தில் தொடங்கி, வாரம் ஒருமுறை 4 செட், 4 ரெப். வழமையான ஸ்குவாட்டில் மேல்முதுகையும் இறுக்குங்கள். பாரைத் தோளில் வைத்ததும் முழங்கையைப் பின்னால் உயர்த்தாமல் கீழே இழுத்து, பாரை முதுகோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பார்வை நிலத்தில் 2 மீற்றர் முன்னால் ஒரு புள்ளியில் இருக்கட்டும்.

மூச்சு விடயத்தில் கவனக்குறைவு அதிகம். நின்ற நிலையில் வயிற்றின் முன்பக்கமும் விலாவும் பின்பக்கமும் விரியும்படி இழுத்து, இறுக்கி, இறங்கி, எழும்பிக் கடினமான இடத்தைத் தாண்டிய பிறகுதான் விட வேண்டும். அடியில் மூச்சு விட்டால் உடம்பு மடிந்து இடுப்பு முந்தும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சடக்கிப் பாரம் தூக்குமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

அடியில் முதுகு வளைவதும் ஒரு பக்கம் சரிவதும்

ஆழம் போகும்போது இடுப்பெலும்பு கீழே சுருண்டு அடி முதுகு வளைவது கொஞ்சம் எல்லோருக்கும் இருக்கும். பாரத்தோடு அது தெளிவாகத் தெரியும் அளவுக்கு வளைந்தால், வளையத் தொடங்கும் இடத்துக்கு 2 சென்ரிமீற்றர் மேலே நிறுத்துங்கள். போட்டிக்குப் போகிறவருக்கு மட்டும்தான் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதியை விடத் தாழ வேண்டும். அவர்கள் பாத அகலத்தையும் குதி உயரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பின்தொடையை இழுத்து நீட்டுவதால் இது மாறுவது குறைவு.

ஒரு பக்கம் சரிவது, மேலே சொன்ன திரும்பி நிற்கும் சோதனையில் உடம்பின் குறை என்று தெரிந்தால், கணுக்கால் அளவை மீண்டும் பாருங்கள். அது சமம் என்றால், கையில் பாரத்தோடு ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் வைத்து இறங்கும் பயிற்சியை வாரம் இருமுறை, காலுக்கு 8 ரெப், 3 செட் செய்யுங்கள். பலவீனமான காலில் தொடங்குங்கள். பலமான கால் இன்னும் முடியும் என்றாலும் பலவீனமான கால் செய்த அளவோடு நிறுத்துங்கள்.

பாரத்தைத் திரும்ப ஏற்றும் கணக்கு

பிழை முதலில் தெரிந்தது 100 கிலோவில் என்று வைத்துக்கொள்வோம். 85இல் தொடங்குங்கள். வார்ம் அப் 20 கிலோவில் 8 ரெப், 40இல் 5, 60இல் 3, 75இல் 2. பின்பு 85இல் 3 ரெப், 5 செட், 3 செக்கன் எடுத்து இறங்கி, 2 செக்கன் நின்று எழும்புங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 2.5 கிலோ கூட்டுங்கள். முதல் இரண்டு வாரம் நின்று எழும்புவது, மூன்றாம் வாரத்தில் 95இல் இருந்து நிற்காமல் செய்யலாம். இப்படிப் போனால் நாலாம் வாரத் தொடக்கத்தில் 100க்கு வருவீர்கள். இடையில் ஒரு நாள் பிழை திரும்பினால் அடுத்த நாள் பாரத்தைக் கூட்டாதீர்கள், அதே கிலோவில் மீண்டும் செய்யுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து திரும்பினால் 5 கிலோ இறங்குங்கள்.

பிழை கடைசி ரெப்புகளில் மட்டும் வருகிறவர் இந்தக் கணக்கைப் பிடிக்கத் தேவையில்லை. 5 ரெப் 3 செட்டை 3 ரெப் 5 செட்டாக மாற்றினாலே போதும். மொத்தம் அதே 15 ரெப்தான், களைத்த ரெப்புகள் மட்டும் குறையும். செட்டுக்கு இடையில் 3 முதல் 5 நிமிடம் இருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் செய்கிறவருக்கு இன்னும் ஒரு நிமிடம் தேவைப்படும், தண்ணீரும் கூடத் தேவைப்படும். முதுகு வியர்த்துப் பார் வழுக்கினால் இடுப்பு முந்துவதை எந்தத் திருத்தமும் தடுக்காது. பருத்தி ரீசேட் போட்டு, முதுகையும் பாரையும் துடைத்துவிட்டு ஏறுங்கள். நோன்பு மாதத்தில் இரவில் பயிற்சி செய்கிறவர்கள் உச்சப் பாரம் பார்க்க வேண்டாம். 80 வீதத்தோடு வைத்து, பிழை இல்லாத ரெப்புகளைச் சேர்ப்பதற்கு அந்த மாதம் நல்ல மாதம்.

ரெக்கின் பாதுகாப்புக் கம்பிகளை உங்கள் ஆகக்கூடிய ஆழத்தை விட ஒரு விரற்கடை கீழே வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கம்பி இல்லாத ரெக்கென்றால் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் பிடிக்க நிற்கட்டும்.

அசைவுப் பிழையும் காயமும் வேறு வேறு. முழங்கால் வீங்கினால், பூட்டியதுபோல் நின்றால், நடக்கையில் நழுவினால், இடுப்பு மடிப்பில் குத்தும் வலி ஓய்வெடுத்தும் போகாவிட்டால், முதுகிலிருந்து காலுக்கு விறைப்பு இறங்கினால், மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ காட்டுங்கள். போகும்போது போனில் எடுத்த வீடியோவையும், எந்தக் கிலோவில் எந்த இடத்தில் வலி தொடங்கியது என்று எழுதிய கொப்பியையும் கொண்டு போங்கள்.